கண் மங்கும் காலத்தில்

ஈராண்டுகளுக்கு முன் வந்த கல்லறைத் திருநாளை நாம் எளிதில் மறப்பதற்கில்லை. மாலைத் திருப்பலி முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரின் பெயர்களை வாசிக்கும் நேரம். வாசகர்களுக்குத் தெரிந்த வழக்கமே. குடும்பத்தார் ஓர் உறையின்மேல் தம் பெயரை எழுதி, அதன்கீழ்த் தம் வீட்டில் இறந்தோரின் பெயர்களை எழுதிக் கொடுப்பர். பங்குக் குரு அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பார். பொழுது சாய்ந்துவிட்டது. கல்லறைகளின்மேல் ஏற்றிய மெழுகுதிரிகள் காற்றில் அலைந்துகொண்டிருந்தன. நாமும் உறைகளை முகத்தருகே பிடித்து வாசித்துக்கொண்டே போனோம். திடீரெனக் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சிறுவர் சிலர் சிரித்துவிட்டனர். இறந்தோர் வரிசையில் நாம் வாசித்த பெயர், நமக்கெதிரே பத்தடி தூரத்தில் மெழுகுதிரியோடு நின்றுகொண்டிருந்த ஒரு மூதாட்டியின் பெயர்!

எல்லாம் முடிந்தபின் அந்த அம்மையார் மெல்ல நம்மிடம் வந்தார். கோபித்துக்கொள்வார் என்றே எண்ணினோம். அவரோ, "சாமி, என் பேரை வாசிச்சதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. நானும் போகப் போறவதானே. ஆனா அவுக பேரை வாசிக்காம விட்டுட்டீகளே. அதுக்குத்தானே வருசம் பூரா காத்திருக்கேன்" என்றார்.

"உறையில் கையெழுத்துச் சரியாக இல்லை, அம்மா" என்றோம்.

அன்றிரவு அறைக்கு வந்து, மேசை விளக்கின்கீழ் அந்த உறையைத் தேடி எடுத்துப் பார்த்தோம். பள்ளியில் படிக்கும் அவருடைய பேத்தி எழுதியது. முத்து முத்தான எழுத்து. மேலே கொடுத்தவர் பெயர், கீழே கோடு போட்டு இறந்தவர் பெயர். குறை கையெழுத்தில் இல்லை. நம் கண்ணில் இருந்தது. அந்த உண்மை நமக்கு அன்று தெரிந்ததுமன்று. ஓராண்டுக்கு மேலாகவே தெரியும். வலக்கண் புகைபடிந்த கண்ணாடிபோல் ஆகிக்கொண்டிருந்தது. இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு நாற்புறமும் சிதறித் தெரிந்தது. ஆதலால் கிளைக் கிராமங்களுக்கு மாலையில் போவதை ஏதேதோ காரணம் சொல்லிக் காலைக்கு மாற்றிக்கொண்டோம். பலிப்பீடத்திலோ முப்பதாண்டுப் பழக்கம் கை கொடுத்தது. திருப்பலி நூலின் பெரும்பகுதி மனப்பாடம் அன்றோ! மனப்பாடமில்லாத பெயர்ப்பட்டியல் வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

ஏன் மறைத்தோம்? இக்கேள்வியை நமக்கு நாமே பல இரவுகள் கேட்டுக்கொண்டோம். நமக்கு வயது ஐம்பத்தெட்டு. குருமடத்தில் தத்துவம் கற்பித்தார்கள், இறையியல் கற்பித்தார்கள், பிறர் மரணப்படுக்கையில் கிடக்கும்போது என்ன சொல்லவேண்டும் என்பதைக்கூடக் கற்பித்தார்கள். நம் தலைமயிர் நரைக்கும்போது, நம் காது மந்தமாகும்போது, நேற்றுவரை செய்த வேலை இன்று இயலாதபோது எப்படி இருக்கவேண்டும் என்பதை ஒருவரும் கற்பித்ததாக நினைவில்லை. அக்காலத்தில் கற்பித்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டோம் என்பது வேறு செய்தி.

மறைப்பதற்கு மனிதர் சொல்லும் காரணங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. பிள்ளைகள் கவலைப்படுவார்கள், ஆட்கள் மதிக்கமாட்டார்கள், இன்னும் கொஞ்சகாலம் தள்ளலாம். உள்ளே உள்ள காரணம் ஒன்றே: "பழையபடி இல்லை" என்று ஒப்புக்கொண்டால் நாமே இல்லாமற்போய்விடுவோம் என்ற அச்சம். வாசிக்க முடியாத குரு என்ன குரு? சமையற்கட்டை ஆளாத மாமியார் என்ன மாமியார்? கணக்குப் பார்க்காத குடும்பத் தலைவர் என்ன தலைவர்? இப்படி எண்ணியே, வந்துவிட்ட மாற்றத்தை வரவில்லை என்று நடிக்கிறோம். நடிப்பின் செலவை வேறு யாரோ கொடுக்கிறார்கள். நம் காரியத்தில் அதைக் கொடுத்தவர், ஆண்டு முழுவதும் தம் கணவரின் பெயர் ஒலிப்பதற்காகக் காத்திருந்த அம்மூதாட்டி.

திருமறை நூலில் கண் மங்கிய முதியவர் இருவர் நம் நினைவுக்கு வந்தனர். ஒருவர் ஈசாக்கு. பார்வை கெட்டபின்னும் தாமே கையால் தடவிப் பார்த்து, தாமே தீர்மானித்து, தாமே ஆசீர் வழங்கினார். இளைய மகன் மூத்தவனின் ஆடையணிந்து வந்து ஏமாற்றியதும், அண்ணன் தம்பியைக் கொல்லத் துணிந்ததும், இளையவன் ஊரைவிட்டு ஓடியதும் பின்னர் நிகழ்ந்தவை. மற்றவர் ஏலி என்னும் குரு. அவர் குறையற்றவரல்லர், தம் மக்களைக் கண்டிக்கத் தவறியவர் என்று திருநூலே குற்றஞ்சாட்டுகிறது. எனினும் ஓரிரவு, சிறுவன் சாமுவேல் மும்முறை ஓடிவந்து "அழைத்தீரே" என்று கேட்டபோது, அழைத்தது தாமல்லர், ஆண்டவரே என்று அக்கிழவர் கண்டுகொண்டார். குருவாகிய தம்மை விட்டு இச்சிறுவனை ஏன் அழைக்கவேண்டும் என்று அவர் முகம் சுளிக்கவில்லை. மீண்டும் அழைப்பு வந்தால் எப்படி விடை சொல்லவேண்டும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பினார். அவரால் இயன்றது அதுவே. அதை அவர் செய்தார்.

கிறிஸ்து பிறப்பு விழாவின் வேலைகள் முடியட்டும் என்று இன்னும் இரண்டு மாதம் தள்ளிவிட்டு, அடுத்துவந்த சனவரியில் மதுரைக்குப் போனோம். காரைக்குடியிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட வழி. நம் பகுதியில் கண்ணுக்கென்றால் மதுரைக்குத்தான் போவார்கள்.

கண்ணில் வரும் மாற்றங்களுக்கு நம் மொழியில் நல்ல பெயர்கள் உண்டு. நாற்பது வயதுக்குமேல் கிட்டத்திலுள்ள எழுத்துத் தெரியாமற்போவதை வெள்ளெழுத்து என்கிறோம். பழைய தலைமுறையினர் சாளேசுவரம் என்பர். நாற்பது எனப் பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்த பெயர். அது கண்ணாடி போட்டால் தீரும். கண்புரை அப்படியன்று. கண்மணிக்குப் பின்னே இயற்கையாய் அமைந்த வில்லை இளமையில் பளிங்குபோல் தெளிவாயிருக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல அதிலுள்ள புரதப் பொருள் திரிந்து, திரண்டு, பால் கலந்த நீர்போல் மங்குகிறது. வெயிலும் புகைப்பழக்கமும் நீரிழிவும் அதை விரைவுபடுத்தும். சொட்டு மருந்தால் கரையாது. மங்கிய வில்லையை அகற்றிவிட்டுச் செயற்கை வில்லையை வைப்பதே வழி. "புரை முற்றட்டும், பிறகு எடுக்கலாம்" என்று காத்திருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது அவ்வாறு காத்திருக்கத் தேவையில்லை என்றார் நம்மைப் பரிசோதித்த இளம் பெண் மருத்துவர். "இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தீர்கள், ஃபாதர்?" என்றும் கேட்டார். மனப்பாடம் என்று சொல்ல வெட்கமாயிருந்தது.

காத்திருக்கும் நேரத்தில், அம்மருத்துவமனையை நிறுவியவரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் கோ. வெங்கடசாமி. மதுரை மக்கள் அவரை அறிவர். இளைய தலைமுறைக்காக அவர் கதையைச் சொல்லவேண்டும்.

1918ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து 1944இல் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். பிள்ளைப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் விருப்பம். முப்பது வயதை எட்டும்போது கடுமையான முடக்குவாதம் அவரைப் பற்றியது. 1948இல் இராணுவத்திலிருந்து வெளியேறவேண்டியதாயிற்று. நெடுநாள் படுக்கை. எழுந்தபோது விரல்கள் கோணி, முறுக்கி, பேனாவைப் பிடிப்பதற்கே புதிதாய்ப் பழகவேண்டிய நிலை. அந்தக் கைகளைக்கொண்டு பிள்ளைப்பேறு பார்க்க இயலாது.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டும். கை பழையபடி ஆகும்வரை அவர் காத்திருக்கவில்லை. கோணிய விரல்களோடு என்ன செய்யலாம் என்று பார்த்தார். கண் மருத்துவத்திற்கு வந்தார். அறுவைக்கத்தியை அவ்விரல்களுக்கிடையே பிடிக்கத் தம்மைத்தாமே பழக்கிக்கொண்டார். கண்ணறுவை என்பது மயிரிழை பிசகாமல் செய்யவேண்டிய வேலை. நேரான விரலுடையவர்களே நடுங்கும் அவ்வேலையில், தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணறுவைகளை அவர் தம் கையாலேயே செய்தார்.

பிறகு இரண்டாவது மாற்றம். 1976இல், ஐம்பத்தெட்டாம் வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு. மதுரை மருத்துவக் கல்லூரியில் துறைத்தலைவராக இருந்தவர், பத்மஸ்ரீ பெற்றவர். மறுநாள் நாற்காலி இல்லை, ஏவலுக்கு ஆள் இல்லை. இந்த இடத்தில் எத்தனை அலுவலர்கள் இடிந்துபோயிருக்கிறார்கள் என்பதை நம் பங்குகளிலேயே காண்கிறோம். அவர் மணம் புரியாதவர். உடன்பிறந்தாரையும் அவர்தம் துணைவர்களையும் சேர்த்துக்கொண்டு, அவ்வாண்டே மதுரையில் பதினோரு படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணமுள்ளவரிடம் பெற்றதைக்கொண்டு இல்லாதவருக்கு இலவசமாய்ச் செய்வது திட்டம். அதுவே இன்று உலகறிந்த அரவிந்த் கண் மருத்துவமனை. கண்ணில் வைக்கும் செயற்கை வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தவரை, அதன் விலை ஏழைக்கு எட்டாததாக இருந்தது. 1992இல் அதைச் செய்யும் தொழிற்கூடத்தையும் அவர்கள் மதுரையிலேயே நிறுவியபின் விலை இறங்கிற்று. அவர் நம் மறையைச் சார்ந்தவரல்லர். புதுவை ஸ்ரீ அரவிந்தரைக் குருவாகக் கொண்டவர். மருத்துவமனையின் பெயரும் அதனால் வந்ததே. 2006ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள், எண்பத்தேழாம் வயதில் மறைந்தார். ஐம்பத்தெட்டு வயதில் மங்கிய கண்ணோடு அமர்ந்திருந்த நமக்கு, அந்த ஐம்பத்தெட்டு என்ற எண் நெஞ்சில் தைத்தது.

கால் மணி நேர வேலை. மறுநாள் கட்டை அவிழ்த்தபோது சன்னலுக்கு வெளியே தெரிந்த வானத்தின் நீலம் நம்மைத் திடுக்கிடச் செய்தது. வெள்ளை என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த நம் அங்கியோ மஞ்சளாயிருந்தது! பல மாதங்களாக அதை அணிந்துகொண்டுதான் தூய்மையைப்பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறோம். கோவிற்பிள்ளை ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லும்படி நாம் நடந்துகொள்ளவில்லை போலும்.

ஊர் திரும்பியபின், கண்ணைப்பற்றி ஞாயிறு பிரசங்கத்தில் வெளிப்படையாகவே சொன்னோம். கையெழுத்தின்மேல் பழி போட்டதையும் சொன்னோம். அதன் பின்னர் ஒன்று நிகழ்ந்தது, நாம் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வீடு மூடிவைத்திருந்த கதைகள் நம்மிடம் வரத் தொடங்கின. காது கேளாததை மறைக்க, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். பெயர்கள் மறந்துபோவதால் திருமண வீடுகளுக்கே போகாமல் இருந்துவிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியை. அவற்றுள் ஒன்றை மட்டும், அடையாளம் தெரியாதபடி இங்கே சொல்லுவோம்.

ஒரு வீட்டில் மாமியாருக்கு எழுபதுக்கு மேல். நாற்பதாண்டுகள் உக்கிராண அறைச் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. அரிசி அளப்பது முதல் பண்டிகைப் பலகாரத்துக்கு வெல்லம் எடுத்துக்கொடுப்பதுவரை அவர் கையால்தான். இப்போது மறதி. குழம்பில் உப்பை இருமுறை போட்டுவிடுகிறார். ஒருநாள் அடுப்பை அணைக்காமல் கோவிலுக்கு வந்துவிட்டார். மருமகள் நம்மிடம், "அத்தைக்கு மறதி வந்துருச்சு, சாமி. சொன்னா ஒத்துக்கிட மாட்டேங்குறாக. பிள்ளைங்க இருக்கிற வீடு" என்றார். நியாயமே. ஆனால் மகன் செய்தது என்ன? தாய் குளிக்கச் சென்றிருந்த நேரத்தில் சாவிக்கொத்தை எடுத்து மனைவியிடம் கொடுத்துவிட்டார். மறுவாரம் அந்தத் தாய் பங்கு இல்லத்தின் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "என்னை உசுரோட பொதைச்சிட்டாக, சாமி" என்று சொன்னபோது நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. உயிரோடிருப்பவரை இறந்தோர் வரிசையில் வாசித்தவர்கள்தாமே நாம்!

சாவி ஒன்றே. எடுக்கப்பட்டதற்கும் கொடுக்கப்பட்டதற்கும் இடையே எவ்வளவு தூரம்!

நம்மைச் சுற்றி வாழும் நகரத்தாரின் வழக்கம் ஒன்று இங்கே கவனத்திற்குரியது. காரைக்குடியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள அவர்களுடைய பெரிய வீடுகளை வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வியந்து பார்க்கிறார்கள். பர்மாத் தேக்கையும் சுண்ணாம்புப் பூச்சின் வழவழப்பையும் படம் எடுக்கிறார்கள். நாம் வியப்பது அந்த வளவைச் சுற்றியுள்ள அறைகளை. மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் அதில் ஓர் அறை. மணமாகிச் சில காலத்திற்குப்பின், பெற்றோரே மகனையும் மருமகளையும் "வேறு வைப்பார்கள்". வேறு வைப்பது என்றால் வீட்டைவிட்டு அனுப்புவதன்று. அதே கூரையின்கீழ், அதே வளவில், அவர்களுக்கெனத் தனி அடுப்பு. பாத்திரமும் பண்டமும் கொடுத்து, செலவுக்கு இவ்வளவு என்று வகுத்து, இனி உங்கள் கணக்கு உங்களுடையது என்று ஆசி கூறி விடுவார்கள். மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. கோவில் வரியும் புள்ளிக் கணக்கில்தான்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். இளமையில் நமக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரே சமையல், ஒரே பந்தி என்பதே கிறிஸ்தவ அன்பு என்று பேசியிருக்கிறோம். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டோம். வணிகத்தில் தேர்ந்த அச்சமூகம் மனித மனத்தையும் கணக்கிட்டிருக்கிறது. மருமகள் சாவியைப் பிடுங்கும் நாள் வருமுன்னே, ஆத்தா தம் கையாலேயே வேறொரு சாவியைக் கொடுத்துவிடுகிறார். அவர் இன்னும் திடமாயிருக்கும்போதே கொடுக்கிறார் என்பது முக்கியம். அப்போது அது கொடை. கை நடுங்கியபின் நடந்தால் அது பறிமுதல். அந்த வழக்கத்திலும் மனத்தாங்கல்கள் உண்டு என்பதை நாம் அறியாமலில்லை. இன்று அவ்வீடுகள் பலவற்றில் பிள்ளைகள் தொலைதூர நகரங்களில் இருக்க, ஐயாவும் அப்பத்தாவும் மட்டும் ஆளில்லாத வளவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை.

நாம் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனோம். மகனைத் தனியே அழைத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னோம். முதலில் மறுத்தார், பின் கொடுத்தார். பிறகு தாயிடம் நம் கண்ணின் கதையைச் சொல்லி, அவரே மருமகளை அழைத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டோம். உடனே இசைந்துவிட்டார் என்று எழுத ஆசைதான். இல்லை. மூன்று வாரங்கள் ஆயின. அந்தோனியார் நவநாள் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கொடுத்தார். அதிலும் ஊறுகாய்ச் சாடிகள் இருக்கும் சிறிய அலமாரியின் சாவியைக் கழற்றித் தம்மிடமே வைத்துக்கொண்டார். "உப்பு கூடிப்போனா ஊறுகாய்க்கு நல்லதுதான்" என்றாராம். நல்லது, அந்த அலமாரி அவரிடமே இருக்கட்டும்.

தாவீதரசர் காலத்துப் பர்சில்லாய் என்னும் பெரியவரை நம் மக்கள் அதிகம் அறியார். சாமுவேலின் இரண்டாம் நூல், பத்தொன்பதாம் அதிகாரத்தில் வருகிறார். மகனுக்கு அஞ்சி ஓடிய தாவீதுக்குத் துன்பகாலத்தில் உணவளித்தவர். வெற்றிபெற்ற அரசர் அவரை எருசலேமுக்கு அழைத்து, அரண்மனையில் உடன் வாழும்படி கேட்கிறார். பர்சில்லாயோ, எனக்கு வயது எண்பது, உண்பதன் சுவையும் தெரிவதில்லை, பாடகரின் பாட்டும் காதில் விழுவதில்லை, உமக்கு நான் ஏன் சுமையாகவேண்டும் என்று சொல்லி, என் ஊரிலேயே இருப்பேன், எனக்குப் பதிலாகக் கிம்காமை அழைத்துச் செல்லும் என்கிறார். அரசர் அவரை முத்தமிட்டு ஆசி கூறி அனுப்புகிறார். நாக்கும் காதும் போனதை அரசருக்கு முன்னால் இவ்வளவு எளிதாகச் சொல்ல ஒரு மனிதரால் முடிந்திருக்கிறது! புலம்பல் இல்லை, சலுகை கேட்டலும் இல்லை. இளைஞன் ஒருவனுக்கு வழிதிறக்கும் வாய்ப்பாக அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்.

திருச்சபையும் இதைச் சட்டமாக்கியிருக்கிறது. எழுபத்தைந்து வயது நிறைந்த பங்குக் குரு தம் பணிவிலகலை ஆயரிடம் அளிக்கும்படி 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கேட்கிறது. ஆயரும் அதே வயதில் திருத்தந்தைக்கு எழுதவேண்டும். எண்பது நிறைந்த கர்தினால்மார் திருத்தந்தைத் தேர்தலில் வாக்களிப்பதில்லை என 1970இல் ஆறாம் சின்னப்பர் வகுத்தார். தமக்கென ஒரு வயதெல்லையை எந்தத் திருத்தந்தையும் வகுக்கவில்லை. ஆயினும் 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று, எண்பத்தைந்து வயதான பதினாறாம் பெனடிக்ட், தம் உடல் வலிமையும் மன வலிமையும் இப்பணிக்குப் போதாதன என்று கர்தினால்மார் முன்னிலையில் இலத்தீனில் அறிவித்தபோது உலகம் திகைத்தது. அதற்குமுன் திருத்தந்தை ஒருவர் பதவி துறந்தது 1415இல். அவர் பிப்ரவரி 28ஆம் நாள் விலகி, வத்திக்கானிலுள்ள ஒரு மடத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் செபத்தில் கழித்து, 2022ஆம் ஆண்டின் கடைசி நாளில் இறந்தார்.

அவருக்கு முன்னிருந்த புனித இரண்டாம் அருள் சின்னப்பர் விலகவில்லையே என்று சிலர் கேட்பர். நடுக்குவாத நோயால் தளர்ந்து, 2005ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று சன்னலில் தோன்றிப் பேச முயன்றும் குரல் எழாமல் நின்ற அக்காட்சியை நாம் மறக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் இறந்தார். ஒருவர் விலகினார், ஒருவர் நிலைத்தார். எது சரி என்று தராசு பிடிப்பது நம் வேலையன்று. இருவரும் மறைக்கவில்லை. ஒருவர் தம் தளர்ச்சியை வாயால் சொன்னார். மற்றவர் அதை உலகம் காணும்படி சன்னலைத் திறந்து வைத்தார். முதுமையில் நீ கைகளை நீட்டுவாய், வேறொருவன் உனக்கு இடைக்கச்சை கட்டுவான் என்ற கருத்தில் ஆண்டவர் இராயப்பருக்கு முன்னறிவித்தது இருவரிடத்தும் நிறைவேறியது.

இவ்வளவும் எழுதியபின் இளையோருக்கும் ஒரு சொல். இதைப் படித்துவிட்டு, "பாருங்கள், சாமியே எழுதியிருக்கிறார், கொடுத்துவிடுங்கள்" என்று வீட்டிலுள்ள முதியவரிடம் நீட்டவேண்டாம். மாற்றத்தை ஏற்பது முதியவரின் உரிமை. அதைக் கட்டாயப்படுத்துவது இளையவரின் உரிமையன்று. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பெற்றோரைத் தெருவில் விட்டவர்கள் நம் மறைமாவட்டத்திலும் இல்லாமலில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைக் குடும்பத்தார் அறிந்திருப்பது நல்லது. பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிப்புத் தவறினால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தின் வழியே மீட்க அது இடமளிக்கிறது. ஆதலால் எழுதிக் கொடுப்பவர் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அன்புக்குப் பத்திரம் எதற்கு என்று மகன் கேட்டால், அன்பிருந்தால் பத்திரத்தால் என்ன குறை என்று திருப்பிக் கேளுங்கள். சாவியைக் கொடுப்பது வேறு, வீட்டையே கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்பது வேறு.

மாறுவது கண்ணும் காதும் மட்டுமா? மனமும் மாறுகிறது. இளம் குருவாயிருந்தபோது திருப்பலிக்குத் தாமதமாய் வருவோரைப் பெயர் சொல்லிக் கடிந்திருக்கிறோம். இப்போது, அந்தப் பெண் மூன்று பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறு வடித்துவிட்டு ஓடிவந்திருப்பாள் என்று தோன்றுகிறது. "சாமி முன்னே மாதிரி இல்லை" என்று சிலர் குறைப்படுகின்றனர். உண்மைதான், இல்லை. நேற்றைய நம்மைக் காப்பாற்றுவதற்காக இன்றைய நம் அறிவைப் பொய்யாக்கவேண்டுமா? நம் செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கவிஞர் கண்ணதாசன் இளமையில் நாத்திகம் பேசியவர். பின்னர் இறைநம்பிக்கைக்குத் திரும்பியபோது, பழையதை அவர் மறைக்கவில்லை. "வனவாசம்" என்ற நூலில் தம் பிழைகளைத் தாமே எழுதிவைத்தார். இந்து சமயத்தைப்பற்றி எழுதிய அதே கை, இறுதிக் காலத்தில் "இயேசு காவியம்" எழுதியது. 1981ஆம் ஆண்டு அக்டோபரில், ஐம்பத்துநான்காம் வயதில் மறைந்தார். மாறிவிட்டார் என்று அவரை ஏசியவர்களும் இருந்தார்கள். ஏசட்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாளைச் சூலை மாதம் நான்காம் ஞாயிறன்று, புனிதர் சுவக்கின், அன்னம்மாள் திருநாளையொட்டிக் கொண்டாடுகிறோம். சென்ற ஆண்டு அந்நாளில் முதியோருக்குச் சால்வை போர்த்தி அமரவைத்தோம். இவ்வாண்டு, பேர்த்தி பேரருக்குத் தாம் கைமாற்ற விரும்பும் ஏதேனும் ஒரு வேலையைக் கொண்டுவந்து கற்றுக்கொடுக்கச் சொன்னோம். ஒரு தாத்தா ஓலைக்கொட்டான் முடையக் கற்பித்தார். ஊறுகாய் அலமாரி அம்மையாரும் வந்திருந்தார், சாடி ஒன்றோடு.

சென்ற மாதம் மறுபடியும் கல்லறைத் திருநாள். நம் கண் இப்போது நன்றாகவே தெரிகிறது. கொசுவின் காலைக்கூட எண்ணலாம். எனினும், நாம் கண் மங்கியிருந்தபோது வாசிக்கத் தொடங்கிய ஆசிரியைப் பயிற்சி மாணவி ஒருத்தியிடமே உறைகளைக் கொடுத்தோம். அவள் முந்தியநாளே எல்லாவற்றையும் வாங்கி, ஒரே தாளில் பெரிய எழுத்தில் படியெடுத்து, புரியாத பெயர்களை வீடுதேடிப் போய்க் கேட்டு வந்திருந்தாள். முப்பதாண்டுகளில் நமக்கு இது தோன்றவே இல்லை. அவள் வாசிக்க, நாம் தீர்த்தச் செம்போடு கல்லறை கல்லறையாக நடந்தோம். பாதி வழியில் அந்த மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் கணவரின் பெயர் தெளிவாக ஒலித்தது. தீர்த்தம் தெளிக்க அருகில் சென்றபோது நம் அங்கியின் கையைப் பற்றி, "இந்த வருசம் அவுக பேரு நல்லாக் காதுல விழுந்துச்சு, சாமி" என்றார்.